பன்னிரண்டில் இரண்டு: தீவகப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள நெடுந்தீவு, நயினாதீவுப் படகுச் சேவைகளையும், அந்தப் படகுகள் புறப்படும் குறிகட்டுவானுக்கான பஸ் சேவையையும் அவற்றுக்கான இறங்குதுறைகளையும் திட்டமிடுகிற, நடத்துகிற, பராமரிக்கிற எல்லோருக்கும்,

வணக்கம்.

நெடுந்தீவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் வவுனியாவிலுள்ள பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலிருந்து தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்கு ஓட்டோ. அங்கிருந்து குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு. பிறகு 776ஆம் இலக்க பஸ்ஸில் புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை என்று யாழ்ப்பாணம் வரை ஒன்றரை மணித்தியாலம். பஸ் நிலையத்திலிருந்து புகையிரத நிலையத்துக்கு இன்னோர் ஓட்டோ. ரயில். வவுனியாவில் இறங்கியதும் மூன்றாவது ஓட்டோ.

ஆறு வாகனங்கள். ஏறுவது ஆறு முறை, இறங்குவது ஆறு முறை. இந்தப் பன்னிரண்டில் பத்தை ஆரையாவது பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, ஒரு முதியவர் சமாளித்துவிடுவார். மிச்சம் இரண்டுதான், படகில் ஏறுவதும் படகிலிருந்து இறங்குவதும். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போவதா, தொலைபேசியில் வாழ்த்திவிட்டு வீட்டிலேயே இருப்பதா என்று வயதானவர்கள் யோசிக்கும்போது அவர்கள் கண்முன் நிற்பது அந்த இரண்டுந்தான்.

"வயதுபோனவர்கள் கடலுக்குப் பயப்படுகிறார்கள்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. தீவிலே பிறந்தவருக்குச் சோளகக் கடல், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலக் கடல், புதிதா? குமுதினி என்ற படகின் பெயரைச் சொன்னால் இந்தத் தலைமுறைக்கு, அதில் வந்த பயணிகள் கொல்லப்பட்ட 1985 மே 15தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகும் இதே கடலைக் கடந்து சந்தைக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தவர்கள் இவர்கள். கடலைக் கடக்க அவர்களுக்குத் தெரியும். இறங்குதுறைக்கும் படகின் விளிம்புக்கும் நடுவிலுள்ள அந்த ஓர் அடியைக் கடக்கத்தான் முழங்கால் விடுவதில்லை.

அந்த ஓர் அடி எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிதல்ல, ஒரு மீற்றருக்கும் கீழே. வேறு நாட்டுத் துறைமுகங்களில் இருப்பதுபோல மீற்றர் கணக்கில் நீர் ஏறி இறங்குமானால் எங்கள் இறங்குதுறைகள் எப்போதோ மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். வேறுபாடு சிறிதாக இருப்பதாலேயே ஆரும் கவனிப்பதில்லை. அதோடு படகுக்குப் படகு விளிம்பின் உயரம் வேறு. ஒரே படகுகூட வெறுமையாக நிற்கும்போது ஓர் உயரம், ஆட்களும் அரிசி மூட்டைகளும் ஏறிய பிறகு இன்னோர் உயரம். சுவரில் உரசாமல் இருக்கத் தொங்கவிட்ட டயர்கள் ஒரு சாணுக்கு மேல் இடைவெளியை விட்டுவிடுகின்றன. இவ்வளவும் நின்ற நிலையில் உள்ள கணக்கு. அலை வந்தால் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அடுத்த நொடியில் பாதத்துக்குக் கீழே போகிறது. இளம்பிள்ளைகள் அலை உச்சிக்கு வந்து ஒரு கணம் தயங்கும்போது காலை வைத்துவிடுவார்கள். எழுபத்தைந்து வயதில் கண் அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து, கால் அதைக் கேட்டு நகர்வதற்குள் கணம் போய்விடும்.

இதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று முதலில் உண்டு, கயிறு. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், மட்டும் ஒரு கயிற்றைப் போட்டுவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, படகைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி ஆட்களை ஏற்றுவது அவசர வழக்கம். அப்படி நிற்கும் படகின் பின்பக்கம் விரிந்து விரிந்து வரும். இடைவெளி அங்கேதான் திறக்கிறது. அணியத்திலும் பின்பக்கத்திலும் ஒவ்வொரு கயிறு, நடுவில் முன்னும் பின்னுமாகச் சாய்த்துக் கட்டிய இரண்டு கயிறு. இந்த நான்கும் இருந்தால் படகு மேலும் கீழும் மட்டுமே அசையும், முன்னும் பின்னும் ஓடாது. மேலும் நான்கைந்து நிமிடந்தான் ஆகும். படகுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கட்டி, முதலாவதைக் கடந்து இரண்டாவதற்குப் போகச் சொல்லும்போது இந்த ஓர் அடி இரண்டு மூன்று அடியாகப் பெருகுகிறது. நெடுந்தீவுப் படகு புறப்படும் நேரத்திலாவது அது சுவரோடு நேரே நிற்க வேண்டும்.

அடுத்தது ஏறுபலகை. மூன்று மீற்றர் நீளம், முக்கால் மீற்றர் அகலம், அலுமினியம் என்றால் இரண்டுபேர் தூக்கி வைக்கலாம். படகுப் பக்க முனையில் கொளுக்கி, கரைப் பக்க முனையில் சிறு உருளை. உருளை இருந்தால் படகு அசையும்போது பலகையும் சேர்ந்து நகரும். இல்லாவிட்டால் பலகை ஒருநாள் சறுக்கி விழும், விழுந்த அன்றோடு அதை ஒரு மூலையில் சாத்திவிடுவார்கள். பலகைக்குக் குறுக்கே ஒரு சாண் இடைவெளியில் சட்டம், ஒரு பக்கமாவது இடுப்புயரக் கைபிடி. 25 சென்ரிமீற்றர் உயர வேறுபாட்டுக்கு இந்த நீளம் சக்கரக் கதிரைக்கே போதுமான சரிவு, அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று. 50 சென்ரிமீற்றர் என்றால் ஆறுக்கு ஒன்று. செங்குத்துத்தான், ஆனாலும் ஆள் பிடித்தால் நடக்கலாம்.

நிரந்தரமான வழி மிதக்கும் மேடை. நீரோடு மேடையும் ஏறி இறங்குவதால் படகுக்கும் மேடைக்கும் உயர வேறுபாடு எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கரையிலிருந்து மேடைக்கு ஒரு கீல் வைத்த சாய்தளம். 60 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 7.2 மீற்றர் நீளம் வேண்டும். சிக்கல் மேடையிலில்லை, அதைப் பிடித்திருக்கும் சங்கிலியிலும் கீலிலும்தான். உப்பும் ஓயாத அசைவும் அவற்றைத் தின்னும். போட்டுத் திறந்துவைத்துவிட்டுப் போனால் அடுத்தடுத்த சோளகங்களிலேயே அது ஆபத்தாகிவிடும். மாதம் ஒருமுறை பார்த்து, தேய்ந்ததை மாற்ற ஒருவரை நியமிக்க முடியாதென்றால் மிதக்கும் மேடையே வேண்டாம், ஏறுபலகையைத் தாருங்கள். பராமரிக்கப்படாத நல்ல திட்டத்தைவிடத் தினமும் தூக்கி வைக்கிற பலகை மேல்.

கைகொடுக்கும் முறையையும் படகுப் பணியாளர்கள் பழக வேண்டும். அவர்களுடைய மனம் நல்லது, பிடிதான் பிழை. முதியவரின் மேற்கையைப் பற்றி இழுத்தால் தோள்மூட்டு விலகும். விரல்களைப் பிடித்தால் ஈரத்தில் வழுக்கும். பணியாளரின் மணிக்கட்டை முதியவர் பிடிக்க, முதியவரின் மணிக்கட்டைப் பணியாளர் பிடிக்க வேண்டும். ஒருவர் படகுக்குள் முன்னால், ஒருவர் கரையில் பின்னால். முதியவரின் இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும், பை முதலில் போகட்டும். "கெதியா, கெதியா" என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தச் சொல்லால் விழுந்தவர்கள் அலையால் விழுந்தவர்களைவிட அதிகமாக இருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

இறங்குதுறைப் படிக்கட்டுகளுக்கும் ஒரு பார்வை வேண்டும். படியின் உயரம் 15 சென்ரிமீற்றர், அகலம் 30. எல்லாப் படியும் ஒரே அளவு. ஒரு படி மட்டும் உயரம் மாறினால் அங்கேதான் கால் தடுக்கும். நீர் தொடும் படிகளில் பாசி பிடிக்கும். கம்பித் தூரிகையால் வாரம் ஒருமுறை தேய்ப்பதைத் தவிர அதற்கு வேறு மந்திரம் இல்லை. கைபிடி 90 சென்ரிமீற்றர் உயரத்தில், கைக்குள் அடங்கும் உருண்டைக் குழாயாக, கடைசிப் படியையும் தாண்டி ஒரு சாண் நீள வேண்டும். சாதாரண இரும்புக் குழாய் உப்புக்காற்றில் துருவேறி உதிர்ந்து, உள்ளங்கையைக் கிழிக்கும். துத்தநாகம் பூசியது அல்லது துருப்பிடிக்காத உருக்கு வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகல மஞ்சள் கோடு. கண்ணில் புரை உள்ளவர்களுக்கு வெயிலில் வெள்ளைக் கொங்கிறீற் முழுவதும் ஒரே தரையாகத் தெரியும்.

படகுக்குள்ளும் அந்தக் கோடு வேண்டும். வெளியில் கண் கூசும் வெளிச்சம், உள்ளே இறங்கினால் இருட்டு. வயதான கண்ணுக்கு இருட்டுப் பழக நேரமெடுக்கும். அதற்குள் பின்னால் வருபவர் தள்ளிவிடுவார். உள்ளே இறங்கும் படி செங்குத்தாக இருந்தால் படியைப் பார்த்தபடி, முதுகை உள்ளே காட்டி இறங்கச் சொல்லுங்கள், ஏணியில் இறங்குவதுபோல.

எங்கே இருத்துவது என்பதும் முக்கியம். அணியத்தில் ஆட்டம் அதிகம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் சூடும் டீசல் மணமும் வயிற்றைப் புரட்டும். நடுப்பகுதியில், காற்றுப் படுகிற, வெளியே வரும் படிக்குக் கிட்டவுள்ள இரண்டு வாங்குகளை முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கி எழுதிவிடுங்கள். படிக்குக் கிட்ட என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தடித்த உயிர்காப்பு அங்கியைப் போட்டபடி மூடிய அறையின் ஆழத்தில் இருப்பவரை, படகுக்குள் நீர் புகுந்தால், அங்கியே கூரையோடு தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கி காப்பாற்ற வேண்டுமென்றால் வழி கிட்ட இருக்க வேண்டும். அந்த வழியில் சிமெந்து மூட்டையும் மோட்டார் சைக்கிளும் அடுக்கப்படக் கூடாது. அங்கியைக் கரையில் வைத்தே, இருந்தபடி, நாடாவைக் கட்டிப் போட உதவுங்கள். ஆடும் படகில் நின்றுகொண்டு தலைவழியே மாட்டச் சொல்வது முதியவரை விழுத்துவதற்கான வழி.

இனி, ஆரும் மேடையில் பேச விரும்பாத விஷயம், மலசலகூடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு போய்ச் சேர பஸ் ஒன்றரை மணித்தியாலம், காத்திருப்பு, படகு ஒரு மணித்தியாலம் என்று மூன்று மணித்தியாலம் சுலபமாகக் கடந்துவிடும். புரொஸ்டேட் சுரப்பி வீக்கம் உள்ள ஆண்களும், நீரிழிவு உள்ள இருபாலாரும், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் குளிசை எடுப்பவர்களும் அவ்வளவு நேரம் அடக்க முடியாது. ஆகவே அவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். காலைக் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். தேநீர்கூட வேண்டாமென்கிறார்கள். உடம்பில் நீர் குறைந்து, வெயிலில் வரிசையில் நின்று, வாங்கிலிருந்து சட்டென்று எழும்பும்போது இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றுகிறது. அந்தத் தலைச்சுற்றோடுதான் மேலே சொன்ன ஓர் அடியைக் கடக்க வருகிறார்கள். "படகில் ஏறும்போது மயங்கி விழுந்தார்" என்று கதை முடிந்துவிடும். உண்மையில் அவர் முதல்நாள் இரவே விழத் தொடங்கிவிட்டார்.

ஆகையால் குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் எந்த நேரமும் பூட்டாத, நீருள்ள மலசலகூடம் படகுப் பாதுகாப்பில் ஒரு பகுதி. குந்தும் வகையோடு ஒன்றாவது இருக்கும் வகை. இருக்கை 45 சென்ரிமீற்றர் உயரம், பக்கச் சுவரில் பிடித்தெழும்பக் கம்பி, உள்ளே பையைத் தொங்கவிட ஒரு கொளுக்கி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துவிடும். திறப்பு ஆரோ ஒருவரின் சட்டைப்பையில் இருந்தால் அந்தக் கட்டடம் இருந்தும் இல்லாததுதான்.

பஸ்ஸும் படகும் ஒன்றையொன்று தெரியாதவர்கள்போல நடந்துகொள்வதைப் பற்றி எத்தனையோபேர் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சுருக்கமாகச் சொல்கிறோம். பஸ் தாமதமானால் நடத்துநர் இறங்குதுறைக்கு ஓர் அழைப்பு எடுக்கட்டும். நெடுந்தீவுப் பயணி பஸ்ஸில் இருக்கிறார் என்று தெரிந்தால் படகு 20 நிமிடம் பொறுக்கட்டும். மறுபக்கமும் அப்படியே, படகு வரும்வரை பஸ் நிற்கட்டும். இருபது நிமிடம் பொறுத்தால் ஏனைய பயணிகள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். படகைத் தவறவிட்ட முதியவர் அடுத்த படகுவரை வெயிலில் இருப்பார், அல்லது அன்றைய கடைசிப் படகு அதுவென்றால் வந்த வழியே ஒன்றரை மணித்தியாலம் திரும்புவார். பஸ்ஸின் முதற்படி தரையிலிருந்து முழங்கால் உயரம். நிறுத்துமிடத்தில் ஒரு சாண் உயரத்தில் கொங்கிறீற் மேடை போட்டால் அந்தப் படி பாதியாகும்.

காற்று விஷயம். சோளகத்திலும் மாரி மாதங்களிலும் படகு ஓடாத நாட்கள் இருக்கும். அதை ஆரும் குறை சொல்ல மாட்டார்கள். ஓடாது என்பதைக் குறிகட்டுவானுக்கு வந்த பிறகு சொல்வதுதான் குறை. கொழும்பிலிருந்து வருபவர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு முழுவதும் இருந்தபடி வந்து, கால் வீங்கி, விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்குகிறார். அவருக்கு அந்த முடிவு யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலேயே தெரிய வேண்டும். ஒரு கரும்பலகை போதும். இன்று முதற்படகு எத்தனை மணிக்கு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, கடல் எப்படி. கீழே, எடுத்தால் ஆள் பதில் சொல்கிற ஒரு தொலைபேசி எண். செயலி, இணையப் பக்கம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும்போதும், கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகுகள் புறப்படும்போதும், நயினாதீவு நாகவிகாரைக்கு யாத்திரிகர் பஸ்கள் வந்து குவியும் விடுமுறை நாட்களிலும் குறிகட்டுவான் வேறு ஊராகிவிடும். யாத்திரிகர் வரட்டும், நல்லது. ஆனால் அவர்களுக்கு அது ஒருநாட் சுற்றுலா, நெடுந்தீவாருக்கு அதுதான் வீதி. அந்த நாட்களில் தீவு வாசிகளுக்கும் அவர்களைப் பார்க்க வருபவர்களுக்கும் தனி வரிசை, நிழலில். முதியோர் அடையாள அட்டையை அறுபது வயது தாண்டியவர்களுக்கு அரசே பிரதேச செயலகம் வழியாகக் கொடுக்கிறது. அதைக் காட்டுபவர் ஏனையோருக்குப் பத்து நிமிடம் முன்னதாக ஏறலாம் என்று ஒரு பலகை எழுதிவைப்பதில் என்ன செலவு?

இந்த மடலைக் கொழும்பிலும் வவுனியாவிலும் வெளிநாட்டிலும் இருந்து வாசிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் நாலு வார்த்தை. அம்மா அப்பாவை ஒரே மூச்சில் தீவிலிருந்து கொழும்புக்கு வரவழைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கவையுங்கள். குளிசையும் மருத்துவத் துண்டும் கைப்பையில் இருக்கட்டும், பொதிக்குள் போனால் மூட்டைகளுக்கு அடியில் போய்விடும். வாந்திக்கான குளிசையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் பல தூக்கத்தைத் தரும், சில ஆண்களுக்குச் சிறுநீரை அடைக்கும், ஆகவே குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். பொதி இரண்டு, ஒவ்வொன்றும் ஏழு கிலோவுக்குள். பேரப்பிள்ளைகளுக்கென்று புழுக்கொடியலும் பனங்கட்டியும் கருவாடும் உரப்பையில் கட்டி வருவார்கள், வேண்டாமென்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஆகவே அதைத் தூக்க ஆளை ஒழுங்கு செய்யுங்கள்.

மறுபடி உங்களுக்கு. நாங்கள் சலுகை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. முதியோர் உரிமைப் பாதுகாப்புக்கான 9ஆம் இலக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கடல் நடுவிலிருக்கும் தீவுக்கு அவை பொருந்தாது என்று எங்கும் எழுதியில்லை. இந்த மடலில் கேட்டவற்றில் கயிறு, பிடி, மஞ்சள் கோடு, கரும்பலகை, தொலைபேசி அழைப்பு, பாசி தேய்ப்பது ஆகியவற்றை அடுத்த வாரமே தொடங்கலாம். ஏறுபலகைக்கும் மலசலகூடத்துக்கும் ஒரு வரவுசெலவு ஆண்டு போதும். மிதக்கும் மேடைக்கு மட்டுமே பொறியியலாளர் வேண்டும்.

பொறியியலாளர் அளவெடுக்க வரும்போது ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனியில் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும் நாளில் வந்து அளந்துவிட்டுப் போக வேண்டாம். ஆடியில், சோளகம் எழும்பிய ஒரு பின்னேரம், படகில் பாதி மூட்டை ஏறியபின் அளக்கட்டும். அளவுநாடாவை ஒரு கையிலும் ஏழு கிலோப் பொதியை மறு கையிலும் பிடித்தபடி தானே ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தீவகத்து ஓய்வூதியப் பயணிகள் சிலர்